ஒரு கரண்டி உறைமோர்

மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஓர் ஆசிரமம் இருந்தது. இயேசுவின் பெயரால் சில மனிதர்களும் ஒரு பசுவும் அங்கே வாழ்ந்தார்கள்.

அதை நடத்திய எப்சிபா அக்காவுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்த ஆசீர்வாதத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆசிரம வழக்கப்படி அவரும் அக்கா என்றே அழைப்பார். கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தர்க்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பேசுவதும் புத்தகத் தமிழில்தான். மூடுபனியும் பனிமூட்டமும் ஒன்றல்ல என்பதை யாரும் கேட்காமலே விளக்குவார்.

அன்று மத்தியானம் சமையலறை வாசலில் முகம் வாடி நின்றார்.

"அக்கா, நாச்சிமுத்து இனி என்னை வர வேண்டாம் என்கிறார்."

சரிவுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் நாச்சிமுத்து. அந்த மலையில் ஆசீர்வாதத்துக்கு இருந்த ஒரே நண்பர்.

"என்ன ஆச்சு?"

"வேதப் புத்தகத்தை விரித்து ஆண்டவரைப் பற்றிச் சொன்னேன். பாவம், மீட்பு, நித்தியம், எல்லாம் வரிசையாக. முழுதும் கேட்டுவிட்டு, 'எனக்கு ஒரு குறையுமில்லீங்க புரபசரே, இந்தப் பேச்சோட வர்றதா இருந்தா வராதீங்க' என்றுவிட்டார். குறையே இல்லை என்பவரிடம் எப்படிச் சொல்வது?"

"அவருக்குக் குறையில்ல. உங்களுக்கு?"

"அவரிடம் போய்க் கேட்கும்படி எனக்கென்ன குறை?"

அக்கா அடுப்பிலிருந்து பாலை இறக்கினார்.

"நம்ம உறைமோர் கெட்டுப்போச்சு ஐயா. பாலுக்கு உறை ஊத்தணும். நாச்சிமுத்து வீட்ல ஒரு கரண்டி வாங்கிட்டு வாங்க."

"வராதே என்றவரிடமா? கையேந்திக்கொண்டா?"

"அந்தப் பேச்சோடதான வரக்கூடாதுன்னார்? கிண்ணத்தோட போலாம்."

கிண்ணத்தோடு போனார்.

பாதி வழியில் பனி இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்க் கரைந்தன. தன் காலடிச் சத்தம் வேறு யாரோ நடப்பது போல் தூரத்தில் கேட்டது. இடிந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கடந்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு தொட்டி. அது வேறு தொட்டி என்று தனக்கே நிரூபித்துக்கொண்டு நடந்தார். அது மீண்டும் வந்தபோது நிரூபணம் கைவிட்டுப் போயிற்று.

கையிலிருந்த கிண்ணமும் தெரியவில்லை. எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம் என்பதும் தெரியவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டார். மீண்டும் கூப்பிட்டார்.

வெண்மைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் தோளைப் பிடித்தது.

"யாரது, புரபசரா? ஏனுங்க, இந்தப் பனியில எங்க கெளம்புனீங்க?"

"உறைமோர் வாங்க."

நாச்சிமுத்து கிண்ணத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார், அந்தச் சிரிப்பில் பனியே கொஞ்சம் விலகியது போலிருந்தது.

"பொஸ்தகம் இல்லாம வந்துட்டீங்களே! நடங்க நடங்க."

வீடு பக்கத்திலேயே இருந்தது.

அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"பயந்துட்டீங்களாக்கும்?"

"பயந்தேன்." அந்த வீட்டில் ஆசீர்வாதம் ஒரே சொல்லில் பேசி முடித்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரக் கூப்பிட்டீங்க. நாச்சின்னு ஒண்ணு. இயேசுவேன்னு ஒண்ணு."

"ஆமாம்."

நாச்சிமுத்து காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நான் வந்துட்டேன். அவரு வந்தாருங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆசீர்வாதத்திடம் பதில்கள் இருந்தன, வகைப்படுத்தி, உட்பிரிவுகளோடு. ஆனால் அவர் நாச்சிமுத்துவின் கால்களைப் பார்த்தார். செருப்பும் போடாமல் ஓடி வந்ததில் சேறும் காப்பிச் சருகும் ஒட்டியிருந்தன. ஒரு விரலில் ரத்தம் கசிந்தது.

"வந்தார் என்றுதான் நினைக்கிறேன்."

நாச்சிமுத்துவும் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

பனி கலைந்ததும் கிண்ணத்தில் மோர் ஊற்றிக் கொடுத்தார். "நாளைக்கும் வாங்க," என்றார். "மோர் வேண்டாட்டியும் வாங்க."

ஆசீர்வாதம் ஆசிரமத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குப் பழைய உற்சாகம் ஏறிவிட்டது.

"அவரே கேட்டுவிட்டார் அக்கா! நாளைக் காலையிலேயே போய் முழுவதும் விளக்கிவிடட்டுமா? வந்தவர் யார், எப்படி வந்தார், ஏன் வந்தார்..."

அக்கா வெதுவெதுப்பான பாலில் மோரை விட்டு, ஒரு சுற்றுக் கலக்கி, தட்டால் மூடி, அடுப்போரத்தில் வைத்தார்.

சிறிது நேரம் கூடப் போகவில்லை. ஆசீர்வாதத்தின் விரல்கள் தாமாகவே தட்டின் விளிம்புக்குப் போயின.

"கைய எடுங்க ஐயா," என்றார் அக்கா. "இந்தக் குளிர்ல கொஞ்சம் நேரமாகும்."