வெளிமானுக்குள் மூடிவைத்த கறுப்பு

மண்ணும் மிருகங்களும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடலோரப் புல்வெளியில் மேய்ந்த வெளிமான்கள் எல்லாம், ஆணானாலும் பெண்ணானாலும், பிறக்கும்போதே கன்னங்கரேலென்று பிறந்தன.

மருளி என்ற பெண்மான் இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தவள். மார்கழி தாண்டினால் அங்கே புல் வெளுத்துவிடும். அதில் கறுப்புக் குட்டி படுத்திருந்தால் நரிக்கு மோப்பம்கூட வேண்டாம். முதல் குட்டி நான்கு நாள் இருந்தது. இரண்டாவது ஒரு நாள்கூட இல்லை. மூன்றாம் முறை வயிறு கனத்தபோது மருளி மேய்ச்சலை விட்டுவிட்டு, சேறு காய்ந்து வெடித்துக் கிடந்த இடத்துக்குப் போனாள். பிறக்கப்போகும் பிள்ளையிடமிருந்து இந்தக் கறுப்பை எடுத்துவிடும்படி மண்ணிடம் மன்றாடினாள்.

வெடிப்புக்குள்ளிருந்து மண் பேசியது.

"எடுக்க முடியாது, தாயே. அது உன் வழியிலும் அவன் அப்பன் வழியிலும் வருவது. மூடிவைக்க முடியும். அவன் ஆளாகும்போது தானே திறந்துகொள்ளும். திறந்தபின் அவன் உன்னோடு இருக்க மாட்டான்."

பிள்ளைக்கு மூட, முதலில் அவளுடைய நிறத்தையும் மூட வேண்டும் என்றது. அவளுக்கும் அவள் பெண்மக்களுக்கும் அது திறக்கவே திறக்காது என்றும் மண் சொன்னது. மருளி அங்கேயே படுத்துப் புரண்டாள். எழுந்தபோது உடம்பு காய்ந்த புல்லின் நிறமாக இருந்தது.

தை மாதம் குட்டி பிறந்தான், அவளைப் போலவே. நரி இரண்டு முறை பக்கத்தில் வந்தும் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. அதைக் கண்ட மற்றப் பெண்மான்களும் ஒவ்வொன்றாகப் போய் அந்த மண்ணில் புரண்டன.

குட்டியின் அப்பன் காரி, மந்தைத் தலைவன், வந்து முகர்ந்து பார்த்தான்.

"இது என் பிள்ளை இல்லை" என்றான்.

நிறம் உள்ளேதான் இருக்கிறது, பொறுத்திருங்கள் என்று மருளி எவ்வளவோ சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் ஆண்டு மகனின் கழுத்தில் கறுப்பு இறங்கியது. முதுகுக்குப் பரவியது. விலாவுக்கு வந்தது. காரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நேரே நடந்து வந்தான்.

"என் பிள்ளைதான்" என்றான் காரி. கண் எடுக்காமல் மகனைப் பார்த்தான். பிறகு மெல்லக் கொம்பைத் தாழ்த்தினான். ஒரே வெளியில் இரண்டு கறுப்பு ஆண்மான்கள் நிற்க முடியாது என்பது அப்பனுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும்.

மகன் எதிர்த்து நிற்கவில்லை. அம்மாவின் கழுத்தில் ஒருமுறை முகம் வைத்தான்.

"தெற்கே போ, அய்யா. அங்கே தண்ணீர் உண்டு" என்றாள் மருளி.

அவன் போனான்.

அந்த நாள்தொட்டுத்தான் வெளிமான் குட்டிகள் எல்லாம் தாயின் நிறத்தில் பிறக்கின்றன. ஆண்குட்டி கறுக்கத் தொடங்கியதும் தாயை விட்டுத் தனியே நடக்கிறது.