நொண்டி நடந்த காடு

ஒரு காட்டில் மழை பொய்த்து, ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. விலங்குகள் எல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. கொம்பன் என்ற கிழட்டு யானை மட்டும் உட்காரவில்லை. ஆற்று மணலைக் காலால் பறித்துப் பறித்து ஓர் ஊற்றைத் தோண்டியது. தோண்டும்போது கூரிய கல் ஒன்று அதன் முன்னங்காலைக் கிழித்துவிட்டது.

“தாகம் எடுத்தவர்கள் எல்லோரும் வாருங்கள்” என்று கொம்பன் கூப்பிட்டது.

புலியும் குடித்தது, புள்ளிமானும் குடித்தது. கால் புண் ஆறவே இல்லை. சாகும்வரை கொம்பன் நொண்டிக்கொண்டேதான் ஊற்றுக்கு வந்து போனது.

அது இறந்த பிறகு, அதன் நினைவாக ஏதாவது செய்யவேண்டும் என்று எல்லா விலங்குகளுக்கும் ஆசை. அந்த ஆசையைக் கொக்கு பிடித்துக்கொண்டது.

“கொம்பன் ஊற்றுக்கு எப்படி வந்தார்? நொண்டி வந்தார். நாமும் நொண்டித்தான் வரவேண்டும். நேராக நடப்பவர் அவரை அவமதிப்பவர்” என்றது கொக்கு. அதற்கென்ன, எப்போதும் ஒற்றைக்காலில் நிற்கிற பிறவி.

அன்று முதல் காடே நொண்டியது. மான் நொண்டியது, கரடி நொண்டியது. எவ்வளவு முயன்றும் நொண்ட வராத ஆமையைத் துரத்திவிட்டன. நொண்டிச் சலித்தவையும் வராமல் நின்றன. ஊற்றுக்கு வரும் கூட்டம் குறையக் குறைய, கரையிலிருந்த தவளைகளைக் கொக்கு நிம்மதியாக விழுங்கியது. கேட்டால் பக்தி என்று சொல்லும்.

அடுத்த கோடையில் ஒரு காட்டுப்பன்றி தன் குட்டியுடன் வந்தது. நாக்கு வறண்டுபோன குட்டி தள்ளாடியது.

“நில். உன் குட்டியை நொண்டச் சொல்” என்றது கொக்கு.

“அவனால் நடக்கவே முடியவில்லை, கொக்காரே. இரண்டு வாய் தண்ணீர் குடித்தால் பிழைத்துக்கொள்வான்.”

“முதலில் நொண்டட்டும். நீயும் நொண்டு.”

“மாட்டேன்” என்றது பன்றி. “கொம்பன் ஐயாவுக்குக் கால் வலித்தது, நொண்டினார். அவருடைய வலியை வைத்து நான் கூத்துக் கட்டமாட்டேன்.”

“இவள் வாய் வைத்தால் ஊற்று வற்றிவிடும். தடுங்கள்” என்று கொக்கு கத்தியது. கரடியும் காட்டெருமையும் வழியை மறித்தன.

பன்றி கரடியைப் பார்த்தது. “உனக்குத் தாகம் எடுத்தபோது கொம்பன் ஐயா தடுத்தாரா?”

கரடி தலையைக் குனிந்துகொண்டது. ஆனால் வழி விடவில்லை.

பன்றி திரும்பியது. சற்றுத் தள்ளி, வெந்துகொண்டிருந்த மணலில் மூக்கை நுழைத்துக் கிளறத் தொடங்கியது.

“வேறு ஊற்றுத் தோண்டுவது பாவம். கொம்பன் பொறுக்கமாட்டார்” என்றது கொக்கு.

“அவர் செய்ததைத்தானே செய்கிறேன். பொறுக்காவிட்டால் அவரே வந்து சொல்லட்டும்.”

பன்றியின் மூக்குத் தோல் உரிந்தது. காலில் கல் குத்தி ரத்தம் வந்தது. அது நிறுத்தவில்லை. மணல் ஈரமானது, பிறகு சேறானது, பிறகு தண்ணீர் சுரந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தாயின் மடியில் சாய்ந்தது. பன்றிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“தாகம் எடுத்தவர்கள் எல்லோரும் வாருங்கள்” என்று பன்றி கூப்பிட்டது.

முதலில் ஆமை வந்தது. அதன்பின் மான், காட்டெருமை என்று ஒவ்வொன்றாக வந்தன. பழைய ஊற்றில் கொக்கு மட்டும் ஒற்றைக்காலில் நின்றது. கடைசியாகக் கரடி தயங்கித் தயங்கி வந்தது. பன்றி காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்ததும், அதுவும் அதேபோல் இழுத்து நடந்தது.

“உன் காலுக்கு என்ன?” என்று கேட்டது பன்றி.

“ஒன்றுமில்லை, அம்மா. நீங்கள் அப்படி நடக்கிறீர்களே என்று...”

“என் காலில் கல் குத்தியிருக்கிறது. உன் காலில் குத்தவில்லை. நேராக நட. தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நீயும் ஓர் ஊற்றுத் தோண்டு.”

நீதி: பெரியவரை மதிப்பது அவர் செய்த நன்மையைத் தொடர்ந்து செய்வதுதான், அவரைப் போல நொண்டிக் காட்டுவது அல்ல.