மூடியிருந்த சம்புடம்

குற்றாலலிங்கம் பிள்ளையவர்களின் உடலைத் தென்காசி வீட்டுக் கூடத்தில் கிடத்தியபோது உடனிருந்தவர்கள் நால்வர்: மனைவி வடிவம்மை, அண்ணன் தாணுமூர்த்தி, கோயில் குருக்கள் சபேசர், பெங்களூரிலிருந்து உடலோடு வந்த சவரிராயன். உறவினர் வந்தது பிறகுதான்.

பிள்ளையவர்கள் பெங்களூரில் ரேடாருக்கு நுண்ணலை தரும் குழாய்களைச் செய்யும் பொறியாளர். பொறியாளராயினும் செப்பு உறுப்புகளைத் தாமே கழுவித் துடைப்பார். குழாயை மூடி, உள்ளிருக்கும் காற்றை நாட்கணக்கில் உறிஞ்சி எடுப்பார். ஒன்றுமே இல்லாத அந்த வெளியைச் சிற்றம்பலமாக எண்ணி ஐந்தெழுத்தை ஓதுவார். நெற்றி நிறைய நீறு இருக்கும்.

அவர் செய்த முதல் குழாய் சோதனையில் பொறி பறந்து கருகியது. அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துகள். குனிந்து வேலை செய்கையில் தம் நெற்றியிலிருந்து உதிர்ந்த நீறு! புருவத்திலும் முடியிலும் தங்கிவிடுமே என்று வீட்டிலும் பூசுவதை அன்றோடு நிறுத்தினார். தந்தை கொடுத்த திருநீற்றுச் சம்புடத்தை மூடியபடியே கும்பிட்டுவிட்டு வேலைக்குப் புறப்படுவார்.

“லிங்கம் சார் சாமிக்கே லீவு குடுத்துட்டாருப்பா!” என்று உடன் வேலை பார்த்த சவரிராயன் சிரித்தார். பிள்ளையவர்கள் செப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தந்தை சாகக்கிடந்தபோது ஊருக்கு ஓடிவந்தார். வாசலில் அண்ணன் மறித்தார்.

“வெறும் நெத்தியோட அப்பா முன்னால நிக்காதல. பூசிட்டு உள்ள போ.”

“நாளக்கழிச்சு குழாய் மூடணும் அண்ணாச்சி. ஒரு துகள் உள்ள போனா ரேடார் கண்ணு அவிஞ்சிரும். எல்லையில நிக்கிற பிள்ளைக சாவும்.”

“அப்போ அப்பா குடுத்த சம்புடம் உனக்கு என்னத்துக்கு? குடுல இங்க.”

பயணப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தந்தையின் முகத்தைச் சன்னல் வழியாகவே பார்த்தார். தந்தை இவரைப் பார்க்காமலே கண்மூடினார்.

அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள், காலைதோறும் சம்புடம் இருந்த வெற்று மாடத்தைக் கைகூப்பினார். “ரிட்டையர் ஆன அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட வாங்கிப் பூசிக்கிடுதேன் வடிவு” என்பார். ஓய்வுக்கு நான்கு நாள் முன்பு, சோதனை மேசையருகே சாய்ந்தவர் எழவில்லை. அவருடைய கடைசிக் குழாய் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது.

தாணுமூர்த்தி சம்புடத்தோடு வந்து உடலருகே அமர்ந்தார். “லிங்கம், நானே பூசிவிடுதேம்ல” என்று முகத்துணியை விலக்கியவர் அலறிவிட்டார். நெற்றியில் மூன்று கோடுகள், ஈரம் உலராமல். குருக்கள் கைகூப்பினார். சவரிராயன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார்.

ஊரார் உயிருக்காகத் தம் நீற்றைத் துறந்தவருக்கு ஈசனே அதை இட்டான்.

வரும் வழியில் வடிவம்மை பூசிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர்கள் பெங்களூர் வீட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக நீறே இல்லை. தென்காசியிலோ, முகத்துணியை அதுவரை யாரும் விலக்கவில்லை; சம்புடம் தாணுமூர்த்தியின் கையில் மூடியபடி இருந்தது.