வாசல் பொம்மைக்கு மூன்று சொல்

வல்லபராயர் என்ற ராஜாவின் அரண்மனை வாசலில் பேசும் பொம்மை ஒன்று இருந்தது. படியில் யார் கால் வைத்தாலும் கைகுவித்து வரவேற்புரை சொல்லும். எழுதியவர் அவைப் பண்டிதர் பேரருளாளர். மொத்தம் நாற்பது வரி. நடுவில் மூச்சு விடாது. பொம்மைக்கு அது தேவையுமில்லை.

ஒரே மாதத்தில் முன்வாசல் வெறிச்சோடியது. ஜனங்கள் குதிரை லாயத்து வழியாக உள்ளே வந்தார்கள்.

"ஜனங்களுக்கு ரசனை போதாது, மகாராஜா," என்றார் பண்டிதர். "வேண்டுமானால் அம்பலவாணர் திருத்திப் பார்க்கட்டுமே. ஆலோசனை சொல்லத்தானே அவருக்குச் சம்பளம்!"

"மூன்று நாள் தருகிறேன், அம்பலவாணரே," என்றார் ராஜா. "ஜனங்கள் நின்று பேச வேண்டும். இல்லையென்றால் பொம்மை இடத்தில் நீர் நின்று கும்பிடு போடும். உம் உத்தியோகம் பண்டிதருக்கு."

அம்பலவாணர் தச்சரை அழைத்து நாற்பது வரியையும் பிடுங்கச் சொன்னார். பொம்மையின் காதில் மெல்லிய தோல் கட்டினார்கள். எதிரே சத்தம் இருக்கும்வரை தோல் அதிரும், பொம்மை வாய் திறக்காது. சத்தம் நின்றால்தான் பேசும். அதுவும் மூன்றே சொல், மாற்றி மாற்றி.

நான்காம் நாள் முன்வாசலில் கூட்டம். எண்ணெய் வியாபாரி ஒருவர் தன் மருமகனைப் பற்றி ஒரு நாழிகை பேசிவிட்டு, "தங்கமான மனுஷன்யா!" என்று பொம்மையை மெச்சிவிட்டு, வந்த காரியத்தை மறந்து வீட்டுக்குப் போனார்.

ராஜாவே வந்தார். "என்ன, சௌக்கியமா?" என்றார் கேலியாக.

"ம்," என்றது பொம்மை.

"எனக்குத்தான் தூக்கமே இல்லை."

"அப்படியா?"

"மகாராணியின் அண்ணன் வந்து மூன்று மாதமாகிறது..."

"அப்புறம்?"

ராஜா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பண்டிதர் இரண்டு முறை கனைத்தும் திரும்பவில்லை. மச்சானில் தொடங்கிய புலம்பல் மாமியார் வரைக்கும் வந்து, "ம்" கேட்ட பிறகுதான் எழுந்தார்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "இது ஒரு பேச்சா, மகாராஜா? மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒருவன் காலம் தள்ள முடியுமா?"

"முடியும், பண்டிதரே," என்றார் அம்பலவாணர். "பன்னிரண்டு வருஷமாக அந்த மூன்றை வைத்துத்தான் மகாராஜாவுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. பொம்மையின் காதுத் தோல் அடங்கியது.

"அப்படியா?" என்றது பொம்மை.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாக ஓய்ந்தார்.

"அப்புறம்?" என்றது பொம்மை.

"அப்புறம் என்ன," என்றார் ராஜா, கழுத்து முத்துமாலையைக் கழற்றியபடி. "அம்பலவாணரை இப்படி வரச் சொல்!"