படி எடுத்தால் சிறை!

வெள்ளாற்றூர் மகாராஜா இரணசிங்கருக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசியாக யார் காதில் ஓதுகிறார்களோ, அதையே ஆணையாகப் போட்டுவிடுவார். அன்று ஓதியவர் ஆஸ்தானப் புலவர் மார்த்தாண்டக் கவிராயர். "பிரபு, என் பாட்டை எவனாவது சும்மா எழுதி வைத்துக்கொண்டால் என் கதி என்ன?"

அவ்வளவுதான், ஊரெல்லாம் முரசு. 'உரியவர் அனுமதியின்றி எவரும் படி எடுக்கக் கூடாது. எடுத்தால் சிறை!'

ஏட்டுச்சாலையைக் காத்துவந்த உலகம்மைக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே குழந்தை வைத்திய ஏட்டைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. நாட்டில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் மருந்து. இருப்பதோ அது ஒன்றுதான். புது ஓலையில் படி எடுக்கலாமென்றால், எழுதியவர் செத்து எத்தனையோ காலம் ஆச்சு. வாரிசு யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

சபைக்கு ஓடினாள். "வாரிசைக் கண்டுபிடி, கேள், அப்புறம் எடு" என்றார் கவிராயர். ராஜாவும் தலையாட்டினார்.

"அதுவரைக்கும் கறையான் காத்திருக்குமா, மகாராஜா?"

ராஜா கவிராயரைப் பார்த்தார்; கவிராயர் கூரையைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற மந்திரி அம்பலத்தாடி மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஆள் மகா குறும்பு.

மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை இருக்கிறது, சோற்றைக் காணோம்!

"யாரங்கே! சோறு எங்கே?"

அம்பலத்தாடி மூச்சிரைக்க ஓடிவந்தார். "நல்லவேளை மகாராஜா, தடுத்துவிட்டேன்! சமையல்காரன் அரிசி அளக்கப் படி எடுத்தான். கையும் களவுமாகப் பிடித்தாச்சு!"

"எடுத்தால் என்னய்யா?"

"உரியவர் அனுமதி வேண்டாமா? அந்தப் பித்தளைப் படியை வார்த்த கன்னார் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசைத் தேட ஆள் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் கேட்டு, அளந்து, களைந்து, உலை வைத்து..."

"அதுவரைக்கும் என் வயிறு காத்திருக்குமா?"

"உலகம்மையும் காலையில் இதைத்தானே கேட்டாள், மகாராஜா!"

ராஜா திருதிருவென்று விழித்தார். அப்புறம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட போக்கிரி! ஏட்டுச்சாலையில் அழியப்போகிற எதையும் இனி தாராளமாகப் படி எடுக்கலாம். ஆணை! முதலில் அந்தச் சமையல்காரனை விடு!"

சோறு வந்தது. கூடவே கவிராயரும் பதறிக்கொண்டு வந்தார். "பிரபு! அப்படியானால் என் ஏடுகள்? அவற்றையும் படி எடுத்துவிடுவார்களே!"

"பயப்படாதீர், கவிராயரே," என்றார் அம்பலத்தாடி. "அழியப்போகிற ஏட்டைத்தான் எடுப்போம். உம்முடையதைக் கறையான்கூடத் தொடவில்லை!"

ராஜாவுக்குப் புரையேறிவிட்டது.