தம்பியை விழுங்கிய அரண்மனை

முன்னொரு காலத்திலே, மேகங்கள் கூரைமேல் உட்கார்ந்து இளைப்பாறிய காலத்திலே, வெண்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அதன் இளவரசி செம்மலர். அவளுக்கு ஒரே தம்பி, நன்மாறன். தாய் தகப்பன் இல்லாத இருவரும் அந்தப் பெரிய அரண்மனையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடியே வளர்ந்தவர்கள்.

ஒருநாள் கருங்குடுமி என்ற மந்திரவாதி வந்து அரியணையைக் கேட்டான். செம்மலர் மறுத்தாள். அவன் கோலைத் தரையில் தட்டினான். பக்கத்தில் நின்ற தம்பியைக் காணோம்.

“இந்த அரண்மனையில்தான் இருக்கிறான். கல்லாகவோ, மரமாகவோ, சுவராகவோ. பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள். ஒரே தடவைதான். தோற்றவர் கல்லாக வேண்டும்,” என்றான்.

செம்மலர் ஓடினாள். தூணுக்குத் தூண் தம்பியின் முகம். கதவுக்குக் கதவு தம்பியின் முகம். எல்லா முகமும், “அக்கா, நான்தான்,” என்று அழுதது.

‘கண்ணும் காதும் ஏமாற்றுகின்றன. உயிருள்ள உடம்பு சூடாகத்தானே இருக்கும்?’ முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவித் தடவிப் போனாள்.

முன்மண்டபத்தில் ஒரு கருங்கல் தூண் கதகதவென்றிருந்தது. அணைக்கப் போனவள் சட்டென்று நின்றாள். முகத்தில் வெயில் அடித்தது. ‘பகலெல்லாம் கல் குடித்த வெயில் இது. தம்பி இல்லை.’

அடுத்தது தேக்கு அறை. எண்ணெய் வாசனை. கதவு கைக்கு இதமாக இருந்தது. ஜன்னலும் அப்படியே. ‘மரம் என்றைக்கும் கைக்கு இதம்தான். தம்பி இல்லை.’

“கல்லாகப் போகிறாய், செம்மலர்,” என்று பின்னாலேயே வந்தான் மந்திரவாதி. முகத்தில் பட்ட வெயில் மங்கியது.

கடைசியில், வெயிலே நுழையாத உள்ளறை. முட்டை ஓடு போல வழவழத்த சுண்ணாம்புச் சுவர். சித்திரை மாதத்திலும் அது சில்லென்றிருக்கும். கையை ஓட்டினாள். சில்லென்றது. சில்லென்றது. சில்லென்றது. அப்புறம், சுட்டது!

கன்னத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ திக் திக் என்று அடித்தது. இரண்டு கைகளையும் விரித்துச் சுவரைக் கட்டிக்கொண்டாள்.

சுவர் நெகிழ்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது.

“மெதுவா அக்கா, எலும்பு நொறுங்குது,” என்றான் நன்மாறன்.

கருங்குடுமி ஓடினான், ஓடினான், குதிரை லாயம் வரைக்கும் ஓடினான். அவன் மந்திரம் அவனைவிட வேகமாக ஓடியது. லாயத்து வாசலில் படிக்கல்லாகி விழுந்தான். அன்று முதல் குதிரைகள் அந்தப் படியை மிதித்துத்தான் உள்ளே போயின.

செம்மலர் நாடாண்டாள், நன்மாறன் படை நடத்தினான், வெண்குன்றத்தில் நெல்லும் சிரிப்பும் குறைவில்லாமல் விளைந்தன. கேட்ட உங்கள் வீட்டிலும் விளையட்டும்.