களாச்செடியின் கோபம்

செடிகொடியும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் களாச்செடிக்கு ஒரு முள்கூடக் கிடையாது. இன்றைக்குக் களா பறிக்கப் போய் முழங்கையெல்லாம் கீறிக்கொண்டு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். வரட்டும். நடந்தது அதுதான். கிளைகள் வழவழவென்று இருந்தன. பழம் கருகருவென்று திரண்டு, துளிப் புளிப்பும் இல்லாமல் தித்தித்தது. காம்பைக் கிள்ளினால் கையில் ஒட்டுகிற பாலும் அப்போது இல்லை. யார் வந்து கை நீட்டினாலும் செடி கிளையைத் தாழ்த்திக் கொடுக்கும். இவ்வளவு நல்ல செடியை இப்படி ஆக்கியது யார் என்று கேட்டால், வேறு யார், நாம்தான்.

ஊரை ஒட்டிய கரட்டில், அந்தச் சின்னப் பாறைக்குன்றின் சரிவில், நின்ற செடிகளிலேயே பெரிய செடியில் ஆண்டுதோறும் ஒரு கொண்டைக்குருவி வந்து கூடு கட்டும். குருவி செடியை அக்கா என்று கூப்பிடும். செடி குருவியைத் தங்கச்சி என்று கூப்பிடும். அந்த வருஷம் கூட்டில் மூன்று குஞ்சுகள். இறகு முளைத்தும் முளைக்காத பருவம். இன்னும் ஐந்து நாள் போனால் பறந்துவிடும்.

அதே செடிக்குப் பழம் பறிக்க வருகிறவள் கரட்டடியில் குடியிருந்த ராக்காயி. அவள் கைப்பக்குவம் சுற்றுவட்டாரத்தில் பேர் போனது. பழத்தைப் பிளந்து கொட்டையை நீக்கி மண்சட்டியில் போட்டு, கருப்பட்டியை நுணுக்கிச் சேர்த்து, சுக்குத் தட்டிப் போட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பாள். சாறு சுண்டி, கரண்டியை விட்டு இறங்காமல் பளபளவென்று திரளும்போது இறக்குவாள். அந்தக் களாப்பாகைத் தொட்டுக்கொள்ள வைத்தால், கேப்பைக்களியைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள்கூட இரண்டு உருண்டை கூடுதலாகத் தின்பான்.

கூடு இருக்கிற கிளையை மட்டும் அவள் தொடமாட்டாள். "ஆத்தா, குஞ்சு பறக்குற வரைக்கும் இந்தக் கொப்புல யாரும் கை வைக்க விடமாட்டேன்" என்று செடியிடம் அவளாகவே சொல்லியிருந்தாள். செடியும் அதை நம்பியது.

பாகு கிண்டுகிறவள் ராக்காயி என்றால், அதை வைத்துப் பெருமையடிக்கிறவன் அவள் புருஷன் சோணை. ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் காலையில் பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சோணை, யாரும் கேட்காமலே வாயை விட்டான்.

"நாளைக்குப் பந்திக்கு ரெண்டு அண்டா களாப்பாகு நம்ம வீட்ல இருந்து வருதுங்கய்யா. என் பொறுப்பு."

அம்பலக்காரர் சிரித்துத் தலையாட்டினார். அவ்வளவுதான், சோணைக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு அண்டாவா? யாரைக் கேட்டுச் சொன்னீக? ஒத்தை ஒத்தையாப் பறிக்கணும். நாலு நாளாவது ஆகும்."

"எதுக்கு ஒத்தை ஒத்தையாப் பறிக்கிறே? செடியை வெட்டி வாசல்ல கொண்டாந்து போடுறேன். நெழல்ல உக்காந்து பறி."

"வெட்டுறதா? அதுல கூடு இருக்கு. மூணு குஞ்சு கெடக்கு. அஞ்சு நாள் பொறுத்தா என்ன கொறைஞ்சு போகும்?"

"குருவி குஞ்சு பொரிச்சிருக்கு, அஞ்சு நாள் கழிச்சுத் தாலி கட்டுங்கன்னு அம்பலக்காரர்கிட்டப் போய்ச் சொல்லவா? தள்ளுடி."

அவள் வாசலை மறித்து நின்றாள். அவன் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு கரடு ஏறினான்.

அந்த நேரம் கொண்டைக்குருவி கண்மாய்க் கரையில் புழு தேடிக்கொண்டிருந்தது. ஆள் வருவதைக் கண்ட செடி, வழக்கம்போலக் கிளையைத் தாழ்த்தியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வெட்ட வந்தவனுக்குக் கிளையைத் தாழ்த்திக் கொடுத்தது அது!

"ராக்காயி வரலையாப்பா?" என்று கேட்டது.

சோணை அரிவாளை ஓங்கிய பிறகுதான் செடிக்கு விஷயம் புரிந்தது. "ஏப்பா, பழந்தானே வேணும்? பூராத்தையும் உதுத்துத் தாரேன். கொப்பை விட்டுரு. பச்சைக் குஞ்சுக கெடக்கு."

"உதுத்தா மண்ணு ஒட்டும். அம்பலக்காரர் வீட்டுப் பந்திக்கு மண்ணு ஒட்டுன பழமா?" என்றான் சோணை. கழுவினால் போகிற மண்ணுக்காக மூன்று உயிரை விலை பேசினான் அந்த ஆள். செடியை அடியோடு வெட்டினார்கள். கணுக்கால் உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் மிஞ்சியது. வெட்டிய கிளைகளைக் கயிறு கட்டிச் சரிவில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் கிளைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்தன. அக்கம்பக்கத்துப் பெண்களும் பறிக்க வந்து உட்கார்ந்தார்கள். ராக்காயி குவியலை விலக்கி விலக்கிக் கூட்டைத் தேடினாள். கையில் அகப்படவில்லை. "பொழுது போகுது, என்னத்தைத் தேடிக்கிட்டுக் கெடக்கே?" என்று சோணை கத்தினான். இன்னொரு தடவை தேடினாள். அவன் இன்னொரு தடவை கத்தினான். பிறகு அவளும் உட்கார்ந்து பறிக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள் மேலும் கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுப்பு மூட்டி இரண்டு அண்டாவையும் ஏற்றினார்கள். பழம் பறித்து முடிந்த கிளைகளைச் சோணை காலால் ஒதுக்கி, காய்ந்த பனையோலையோடு சேர்த்து அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருந்தான். பச்சை விறகு புகைந்தது. பாகு நன்றாகத் திரண்டு வருகிற நேரம். ராக்காயி குனிந்து கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

கரண்டியை வீசிவிட்டு, வெறுங்கையை அடுப்புக்குள் விட்டுக் கிளையை வெளியே இழுத்தாள். கை வெந்தது. கூடு பாதி கருகியிருந்தது. அதற்குள் மூன்று குஞ்சுகளும் செத்துக் கிடந்தன. மூன்றுக்கும் வாய் பிளந்தபடியே இருந்தது.

கொண்டைக்குருவி அப்போதுதான் வந்து சேர்ந்தது. கரட்டில் செடியைக் காணாமல் வெகு நேரம் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, இழுத்துப்போன தடத்தைப் பிடித்துக்கொண்டே பறந்து வந்திருந்தது. அலகில் புழு இருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கூட்டின் பக்கம் இறங்கி, ஒரு குஞ்சின் வாயில் புழுவை வைத்தது. அது கீழே விழுந்தது. எடுத்து அடுத்த குஞ்சின் வாயில் வைத்தது. அதுவும் விழுந்தது. மூன்றாவது குஞ்சுக்கும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தது.

"மூணு வாய்க்கு எரை தேடி நாள் பூரா அலையிறேன். நீங்க ஒரு வேளைப் பந்திக்கு மூணு வாயையும் பொசுக்கிட்டீகளே! திங்குங்க. நல்லாத் திங்குங்க. உங்க வயிறு நெறையட்டும்!"

சொல்லிவிட்டுக் கரட்டைப் பார்த்துப் பறந்துவிட்டது. சோணைதான் முதலில் வாயைத் திறந்தான். "சரி சரி, பாகு அடி பிடிக்கப் போகுது, கிண்டு" என்றான்.

ராக்காயி ஒரு விறகுக் கட்டையை எடுத்தாள். அண்டாவுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். முதல் அண்டா கவிழ்ந்தது. கொதிக்கிற பாகு வாசல் முழுக்க ஓடியது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். இரண்டாவதையும் கவிழ்த்தாள்.

"பாவி! எம் மானத்தை வாங்கிட்டியே! நாளைக்கு எந்த மூஞ்சியோட பந்தலுக்குப் போவேன்?"

"அடுப்புக்குள்ள தள்ளினீகள்ல, அந்த மூஞ்சியோடயே போங்க" என்றாள் ராக்காயி.

கரட்டில் குருவி, வெட்டி மிஞ்சிய செடியின் அடிக்கட்டை மேல் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னது. செடி எல்லாவற்றையும் கேட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டது.

"கடைசியில எப்படிக் கெடந்துச்சுக, தங்கச்சி?"

"வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சுக, அக்கா. மூணும்."

வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாகப் பால் பொங்கி வழிந்தது. ஆனியில் வெட்டினார்கள், ஐப்பசி மழைக்குக் கட்டை துளிர்த்தது. இலைக்கு இலை முள்ளோடு துளிர்த்தது. ஒவ்வொரு முள்ளும் நுனியில் இரண்டாகப் பிரிந்து, குஞ்சு வாய் பிளந்த மாதிரி நின்றது. அதைப் பார்த்துக் கரட்டில் இருந்த மற்றக் களாச்செடிகளும் அப்படியே முள் விட்டன. குருவி வந்து பார்த்துவிட்டு, அந்த முள்ளுக்கு நடுவிலேயே புதுக் கூடு கட்டியது.

அடுத்த ஆனியில் சோணை அரிவாளோடு வந்தான். கிளையைப் பிடித்ததுமே உள்ளங்கையில் ஏறியது முள். உதறினான், முழங்கையில் ஏறியது. பின்னால் நகர்ந்தான், முதுகில் ஏறியது. கைக்கு எட்டிய ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டான். பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டது, புளிப்பில் பல் கூசியது. அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். நன்றாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ராக்காயி வந்தாள். கூடை கொண்டுவரவில்லை. அடுப்பில் வெந்த தழும்பு கையில் இருந்தது. அந்தக் கையால் செடியைத் தடவ நீட்டினாள். முள் தழும்பின் மேலேயே இறங்கியது.

"ஆத்தா, என்னையுமா?" என்றாள். "நான் வேண்டாம்னு சொன்னேனே. வாசல்ல மறிச்சு நின்னேனே. ரெண்டு அண்டாவையும் கவுத்தேனே."

"கவுத்தே" என்றது செடி. "அதுக்கு முன்னாடி உக்காந்து பறிச்சே."

ராக்காயி கையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் கரட்டை விட்டு இறங்கிப் போனாள்.

அந்த ஆனியிலிருந்துதான், வெட்ட வருகிறவனையும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனுக்காக உட்கார்ந்து பறிக்கிறவளையும் களாமுள் ஒரே மாதிரி குத்துகிறது. கொண்டைக்குருவி மட்டும் ஒரு கீறலும் படாமல் உள்ளே போய் வருகிறது.